விண்டோஸும் இருக்கட்டும், லினக்ஸும் வரட்டும்! ஒரே லேப்டாப்பில் டூயல் பூட் செய்வது எப்படி?

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு லேப்டாப் இருக்கலாம். 2015, 2016 வாக்கில் வாங்கியது. கீபோர்டில் எழுத்துகள் தேய்ந்துவிட்டன. பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது. ஆனாலும் சார்ஜரைச் சொருகினால் ஓடுகிறது. பிள்ளைகளின் புராஜெக்ட், கல்யாண போட்டோக்கள், வருமான வரிக் கணக்கு என எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

அந்த லேப்டாப்புக்கு 2025 அக்டோபர் 14-ம் தேதி ஒரு சிக்கல் வந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் அன்றோடு முடித்துக்கொண்டது. பாதுகாப்பு அப்டேட்டுகளுக்கு மட்டும் பதிவு செய்துகொள்பவர்களுக்கு ஓராண்டு கூடுதல் அவகாசம் அறிவித்தார்கள். அப்டேட் நின்ற பிறகும் கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடும். ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது. நெட் பேங்கிங் செய்யும் மெஷினுக்கு இது நல்லதல்ல.

‘சரி, விண்டோஸ் 11-க்கு மாறிடலாமே’ என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் கிட்டத்தட்ட 8-வது தலைமுறையாவது இருக்க வேண்டும். அந்தத் தலைமுறையே 2017-ல்தான் சந்தைக்கு வந்தது. அதற்கு முந்தைய லேப்டாப்களை எடுத்துக்கொண்டு போனால், “தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடுங்க சார்” என்பதுதான் பல கடைகளில் கிடைக்கும் பதில்.

தூக்கிப் போட வேண்டாம். அதே லேப்டாப்பில் லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருடங்கள் நிம்மதியாக ஓட்டலாம். விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸை வைத்துக்கொள்வதுதான் டூயல் பூட். ஆன் செய்ததும் ‘எது வேண்டும்?’ என்று ஒரு திரை கேட்கும். தேர்ந்தெடுத்தால் அதில் உள்ளே போகும்.

இது நமக்குப் புதிதும் அல்ல. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்களில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. டூயல் பூட் என்ற பெயரே தெரியாமல் அதைப் பயன்படுத்திய மாணவர்கள் ஏராளம்.

“அதெல்லாம் சரி... லினக்ஸ் போட்டா எல்லாம் அழிஞ்சிடுமாமே?” என்ற பயம் பலருக்கு உண்டு. பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், ஃபைல்களை அழிப்பது பெரும்பாலும் லினக்ஸ் அல்ல. பேக்கப் எடுக்காத அவசரமும், இன்ஸ்டால் செய்யும்போது படிக்காமல் அழுத்தும் ஒரு க்ளிக்கும்தான். எந்த லினக்ஸ் என்று முடிவு செய்வதைவிட, ஏதாவது தப்பாகப் போனால் திரும்பி வரும் வழியை முதலில் தயார் செய்வதே முக்கியம். அதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஓப்பன் சோர்ஸ்னா என்ன?

ஒரு சாப்பாட்டுக் கடையில் சாம்பார் மட்டும் கொடுத்தால் அது விண்டோஸ். சாம்பாரோடு செய்முறையையும் கொடுத்து, ‘வேணும்னா புளியைக் கூட்டிக் குறைச்சு நீங்களும் செஞ்சு நாலு பேருக்குக் கொடுங்க’ என்றால் அது ஓப்பன் சோர்ஸ். மென்பொருளின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம்.

1991-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸின் மையப் பகுதியான ‘கெர்னலை’ வெளியிட்டார். அதற்கு முன்பே, 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த ‘குனு’ திட்டத்தின் கருவிகள் அதோடு சேர்ந்தன. இந்த மையத்தைச் சுற்றித் திரை அமைப்பு, பிரவுசர், ஆபீஸ் மென்பொருள் எல்லாம் சேர்த்துப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பதைத்தான் ‘டிஸ்ட்ரோ’ என்கிறோம். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் எல்லாமே அப்படிப்பட்ட பொட்டலங்கள்தான். உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இதே லினக்ஸ் கெர்னல்தான் ஓடுகிறது.

முதல் கேள்வி... உங்கள் வேலை என்ன?

பிரவுசர், யூடியூப், வாட்ஸ்அப் வெப், ஜூம் மீட்டிங், மெயில், பாட்டு, படம்... இவ்வளவுதான் உங்கள் உபயோகம் என்றால், லினக்ஸில் எந்தக் குறையும் தெரியாது. கடிதம், எக்ஸெல் வேலைக்கு ‘லிப்ரே ஆபீஸ்’ கூடவே வரும். புரோகிராமிங் படிக்கும் மாணவர்களுக்கு இது விண்டோஸைவிட வசதி.

ஆனால், சில வேலைகளுக்கு விண்டோஸ் இருந்தே ஆக வேண்டும். போட்டோஷாப்புக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. டேலியும் விண்டோஸுக்கானதுதான். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்தும் ஆடிட்டர் அலுவலக வேலைகள் விண்டோஸில்தான் சுலபம். ‘வேலரன்ட்’ மாதிரி ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோடு வரும் கேம்கள் பல லினக்ஸில் ஓடாது. சிக்கலான மேக்ரோ போட்ட எக்ஸெல் ஃபைல்களை லிப்ரே ஆபீஸ் திறந்தாலும், எல்லாம் அப்படியே வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

இந்தப் பட்டியலில் உங்களுக்கு ஒன்றுகூட இல்லையென்றால், நாளடைவில் லினக்ஸை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டு இருந்தால் டூயல் பூட் சரியான வழி. தினமும் டேலியிலேயே இருப்பவர் என்றால், அந்த மெஷினைச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.

எந்த லினக்ஸ்?

நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நண்பர் சொன்னார், யூடியூபர் சொன்னார் என்று தேர்ந்தெடுக்காமல், உங்கள் லேப்டாப்பின் ரேமைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

லினக்ஸ் மின்ட் (சின்னமன்): விண்டோஸில் பழகிய கைக்கு முதல் தேர்வு. கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு என எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். 4 ஜிபி ரேமில் ஓடும், 8 ஜிபி இருந்தால் சௌகரியம்.

லினக்ஸ் மின்ட் (எக்ஸ்எஃப்சிஇ): அதே மின்ட்தான், திரை அமைப்பு மட்டும் எளிமையானது. 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்புக்கு இதைத்தான் முதலில் பரிந்துரைக்கலாம்.

உபுண்டு: 2004 முதல் வருகிறது. உலகம் முழுக்கப் பயனாளர்கள் அதிகம் என்பதால், எந்தச் சந்தேகத்துக்கும் இணையத்தில் பதில் கிடைக்கும். இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும் ‘எல்டிஎஸ்’ பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள் அப்டேட் உண்டு. வீட்டு உபயோகத்துக்கு எல்டிஎஸ் மட்டும் போதும்.

லுபுண்டு: உபுண்டுவின் இளைத்த தம்பி. 2 ஜிபி ரேம் மெஷினுக்கு இதை முயன்று பார்க்கலாம். ஆனால், பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தால் எந்த லினக்ஸாக இருந்தாலும் 2 ஜிபி திணறத்தான் செய்யும்.

ஃபெடோரா: புது லேப்டாப், புதுப்புது வசதிகள் வேண்டும் என்பவர்களுக்கு. ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு ஏறக்குறைய 13 மாதங்கள்தான் என்பதால் அடிக்கடி மேம்படுத்த வேண்டியிருக்கும்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஹேக்கிங் வீடியோ பார்த்துவிட்டு ‘காளி லினக்ஸ்’ போட ஆசைப்படாதீர்கள். அது பாதுகாப்புச் சோதனை வல்லுநர்களுக்கான கருவிப்பெட்டி. தினசரி உபயோகத்துக்கோ, முதன்முதலாக லினக்ஸ் பழகுவதற்கோ உருவாக்கப்பட்டதல்ல.

இன்னொரு விஷயம். லேப்டாப்பில் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால், எந்த இயங்குதளத்தை மாற்றினாலும் கிடைக்காத வேகம் ஓர் எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும். பட்ஜெட் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பாருங்கள்

கார் வாங்கும் முன் டெஸ்ட் டிரைவ் போவதுபோல, லினக்ஸை பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். லேப்டாப்பில் எதுவும் மாறாது.

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் வேறிடத்தில் காப்பி செய்துவிடுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த லினக்ஸின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து ‘ஐஎஸ்ஓ’ ஃபைலை இறக்குங்கள். ‘ரூஃபஸ்’ அல்லது ‘பலேனா எட்சர்’ மென்பொருளால் அதை பென் டிரைவில் எழுதுங்கள். சும்மா காப்பி-பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது.

இறக்கிய ஃபைல் ஒரிஜினல்தானா என்று பார்க்க, தளத்திலேயே ‘செக்சம்’ என்ற எண் கொடுத்திருப்பார்கள். “இதெல்லாம் எதுக்கு?” என்று தோன்றலாம். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள்ளேயே ஆட்கள் ஊடுருவி, கள்ளத்தனமாக மாற்றப்பட்ட ஐஎஸ்ஓவுக்கு இணைப்பு கொடுத்துவிட்டார்கள். 

அடுத்து, பென் டிரைவைச் சொருகி ரீஸ்டார்ட் செய்து, பூட் மெனுவைத் திறக்க வேண்டும். பொதுவாக டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப் பட்டன். திரை வந்ததும் ‘ட்ரை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். வைஃபை வருகிறதா? சத்தம் கேட்கிறதா? கேமரா, டச்பேட், பிரைட்னஸ் பட்டன் வேலை செய்கின்றனவா? மூடியை மூடித் திறந்தால் தூங்கி எழுகிறதா? பிரின்டர் எடுக்கிறதா? வைஃபை மட்டும் வரவில்லையென்றால், ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து ‘யுஎஸ்பி டெதரிங்’ போடுங்கள். இணையம் வந்துவிடும், தேவையான டிரைவரை அதன் வழியே இறக்கிக்கொள்ளலாம். பென் டிரைவிலிருந்து ஓடும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். அதை வைத்து வேகத்தை எடை போடாதீர்கள்.

கைவைக்கும் முன் நான்கு வேலைகள்

1. பேக்கப். போட்டோ, டாக்குமென்ட் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். இன்னொரு டிரைவில் வைத்தேன் என்று, அதே லேப்டாப்பின் ‘டி’ டிரைவில் போட்டு வைப்பது பேக்கப் ஆகாது. டிஸ்க் ஒன்றுதான். காப்பி செய்ததில் நாலைந்து ஃபைல்களை வேறு கம்ப்யூட்டரில் திறந்தும் பார்த்துவிடுங்கள்.

2. பிட்லாக்கர் சாவி. பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. பயாஸில் எதையாவது மாற்றினால், ‘48 இலக்க ரெகவரி கீ கொடு’ என்று விண்டோஸ் நின்றுவிடும். சாவி இல்லையென்றால் ஃபைல்களும் இல்லை. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்து, பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உபுண்டு இன்ஸ்டாலர், பிட்லாக்கர் ஆனில் இருந்தால் அதை நிறுத்திவிட்டு வரச் சொல்லலாம். விண்டோஸ் செட்டிங்ஸில் அதை அணைத்தால், டிஸ்க் முழுக்கப் பூட்டு திறக்கச் சிறிது நேரம் பிடிக்கும். பொறுமையாக முடியவிடுங்கள்.

3. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைப்பது. இது ஆனில் இருந்தால், ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுசாகத் தூங்காது, அரைக்கண் திறந்தபடி இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் அதே டிரைவில் எழுதினால் ஃபைல் கெடும் ஆபத்து உண்டு. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போனால் இதை அணைக்கலாம்.

4. விண்டோஸ் ரெகவரி பென் டிரைவ். இன்னொரு பென் டிரைவில் இதைத் தயாரித்து வையுங்கள். விண்டோஸ் பூட் ஆகாமல் போனால் சரிசெய்ய இதுதான் கைகொடுக்கும்.

இடம் பிரிப்பது

லினக்ஸுக்கு 25 ஜிபி குறைந்தபட்சம். 50 முதல் 60 ஜிபி கொடுத்தால் தாராளம். இந்த இடத்தை விண்டோஸின் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ வழியாகவே பிரித்துவிடுவது பாதுகாப்பு. சி டிரைவில் ரைட் க்ளிக் செய்து ‘ஷ்ரிங்க் வால்யூம்’ கொடுங்கள். அது எம்பியில் கேட்கும். 60 ஜிபி என்றால் 61,440 என்று போட வேண்டும்.

பிரித்ததும் ‘அன்அலொகேட்டட்’ என்று கறுப்புப் பட்டையோடு ஓர் இடம் தெரியும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். அதில் புது டிரைவ் உருவாக்க வேண்டாம். ‘டைனமிக் டிஸ்க்காக மாற்றவா?’ என்று எங்காவது கேட்டால், கண்டிப்பாக ‘நோ’ சொல்லுங்கள்.

கூடவே ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்து ‘பயாஸ் மோட்’ என்ன என்று பாருங்கள். ‘யுஇஎஃப்ஐ’ அல்லது ‘லெகசி’ என்றிருக்கும். விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ, பென் டிரைவையும் அதே முறையில்தான் பூட் செய்ய வேண்டும். முறை மாறினால் இன்ஸ்டாலருக்கு விண்டோஸ் சரியாகத் தெரியாது.

அந்த ஒரு க்ளிக்

பென் டிரைவில் பூட் செய்து இன்ஸ்டாலைத் தொடங்கினால் மொழி, கீபோர்டு, வைஃபை என்று வரிசையாகக் கேட்கும். பாட்டு, வீடியோ ஓடத் தேவையான ‘மல்டிமீடியா கோடெக்’ டிக்கைப் போட்டுவிடுங்கள்.

பிறகு வரும் திரையில்தான் நிதானம் வேண்டும். ‘விண்டோஸுக்குப் பக்கத்தில் இன்ஸ்டால் செய்’ என்ற பொருளில் ‘அலாங்சைடு’ என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். ‘எரேஸ் டிஸ்க்’ என்றும் ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் விண்டோஸ், போட்டோக்கள் எல்லாமே போய்விடும். ‘லினக்ஸ் எல்லாத்தையும் அழிச்சிடுச்சு’ என்ற கதைகளில் பெரும்பாலானவை இந்த வரியில்தான் தொடங்குகின்றன.

‘அலாங்சைடு’ வரியே காணவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பிட்லாக்கர் இன்னும் ஆனில் இருக்கலாம், பூட் முறை மாறியிருக்கலாம், அல்லது டிஸ்க் இன்டெல்லின் ‘ஆர்எஸ்டி’ முறையில் இருப்பதால் லினக்ஸுக்குத் தெரியாமல் இருக்கலாம். கடைசிக் காரணம் என்றால், பயாஸ் அமைப்பை மாற்றும் முன் விண்டோஸைத் தயார்படுத்த வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் பூட் ஆகாது. விவரம் தெரிந்தவர் துணையோடு செய்யுங்கள்.

எல்லாம் சரியாக வந்தால், அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். ரீஸ்டார்ட் செய்ததும் ‘குரப்’ என்ற மெனுவில் லினக்ஸும் விண்டோஸும் வரிசையாகத் தெரியும். இரண்டுக்குள்ளும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் வரும் சின்னச் சின்னத் தலைவலிகள்

கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தப்பாகக் காட்டும்: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் காலை 10 மணி, அதிகாலை 4.30 ஆகியிருக்கும். லேப்டாப்பின் உள் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நேரம் தப்பானால் வங்கித் தளங்கள்கூடத் திறக்க மறுக்கலாம். லினக்ஸிடம் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளச் சொல்ல ஒரு வரிக் கட்டளை போதும். ஒருமுறை செய்தால் சரியாகிவிடும்.

நேராக விண்டோஸுக்கே போகிறது: சில நேரம் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு மெனு காணாமல் போகும். பயாஸுக்குள் போய், பூட் வரிசையில் லினக்ஸை மேலே ஏற்றினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, பலரின் டூயல் பூட் கம்ப்யூட்டரில் லினக்ஸ் பூட் ஆகாமல் நின்றது. அதனால், லினக்ஸ் எழுதிய பென் டிரைவை அழிக்காமல் மேஜை டிராயரில் போட்டு வையுங்கள்.

தமிழ் டைப்பிங்: கீபோர்டு செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 கிடைக்கும். ‘ஐபஸ்’ வழியாக ஃபொனெட்டிக், டைப்ரைட்டர் முறைகளும் உண்டு. பாமினியில் அடித்த பழைய ஃபைல்கள் இருந்தால், அந்த எழுத்துரு ஃபைலை லினக்ஸிலும் இன்ஸ்டால் செய்துவிட்டால் படிக்கலாம்.

வேண்டாம் என்று தோன்றினால்?

திரும்பி வரும் வழியையும் தெரிந்துகொள்ளுங்கள். இதில் வரிசை முக்கியம். முதலில் பயாஸில் ‘விண்டோஸ் பூட் மேனேஜரை’ மேலே கொண்டுவந்து, விண்டோஸ் நேராக ஓடுகிறதா என்று உறுதி செய்யுங்கள். அதன் பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பகுதியை மட்டும் நீக்கி, சி டிரைவை நீட்டிக்கொள்ளலாம். வரிசை மாற்றி லினக்ஸை முதலில் நீக்கினால், அடுத்த முறை ஆன் செய்யும்போது கறுப்புத் திரையில் ‘குரப்’ என்ற சொல் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும். லெகசி முறை மெஷினில் பயாஸ் வரிசையை மாற்றினால் மட்டும் போதாது, ரெகவரி பென் டிரைவால் விண்டோஸின் பூட் பகுதியைச் சரிசெய்ய வேண்டும்.

டிஸ்க்கைப் பிரிக்கவே தயக்கமாக இருக்கிறதா? விண்டோஸுக்குள்ளேயே ‘வர்ச்சுவல்பாக்ஸ்’ போட்டு லினக்ஸை ஓட்டலாம், 8 ஜிபி ரேமாவது இருந்தால் நல்லது. இரண்டாவது எஸ்எஸ்டி போட இடம் இருக்கும் லேப்டாப் என்றால், அதில் லினக்ஸைத் தனியாக வைப்பது இன்னும் பாதுகாப்பு.

சந்தேகம் என்றால் கேட்கத் தமிழிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். கணியம், காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரம் குழு, சென்னை லினக்ஸ் பயனர் குழு எனத் தன்னார்வலர்கள் பல வருடங்களாக இயங்கிவருகிறார்கள். கேள்வி கேட்கும்போது லேப்டாப் மாடல், ரேம், திரையில் வந்த பிழைச் செய்தியின் போட்டோ மூன்றையும் சேர்த்து அனுப்பினால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

இந்த வார இறுதியிலேயே முழுசாக மாற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இன்று பேக்கப் எடுங்கள். நாளை பென் டிரைவில் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சத்தம், கேமரா மூன்றும் சரியென்றால், அடுத்த விடுமுறை நாளில் இடம் பிரித்து இன்ஸ்டால் செய்யுங்கள். ஒரு மாதம் இரண்டையும் ஓட்டிய பிறகு, ஆன் செய்ததும் உங்கள் விரல் தானாக எந்த வரிக்குப் போகிறது என்று கவனித்தால், எது உங்களுக்கு ஏற்றது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.